உலையில் அரிசி போடாத விருந்து

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சருக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எதற்கு என்று வீட்டில் கேலி செய்தார்கள். வீம்புக்குச் சேர்ந்தேன். 'பார்ஷியல் அப்ளிகேஷன்' என்ற பாடம் வந்ததும் வீம்பெல்லாம் இறங்கிவிட்டது. கொடுப்பதை வைத்து விடை சொல்லும் ஒரு ஃபங்ஷன் இரண்டு விவரம் கேட்டது. ஒன்றை மட்டும் கொடுத்தேன். விடையும் வரவில்லை, பிழை என்று திட்டவும் இல்லை. புதிதாக ஒரு ஃபங்ஷன் திரையில் வந்து நின்றது. பாதி கொடுத்தால் பாதி விடை என்றாவது வர வேண்டாமா? எரிச்சலோடு வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உலை வைத்தேன். அப்போதுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன புதிது. என் தங்கையைப் பார்க்க நாகூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. முன்பே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்ததால் வீடே பயந்துகிடந்தது. வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. கேட்டால் சோற்றுக்குக் கணக்குப் பார்ப்பதாக ஆகிவிடும். கறி தாராளமாக வாங்கியாயிற்று, ஆணம் என்று நாங்கள் சொல்லும் குழம்பும் தயார். நெய்ச்சோறுதான் வம்பு. குறைந்தால் மானம் போகும். முன்கூட்டியே நிறைய ஆக்கினாலோ ஆறி விறைத்துப்போகும்.

"ஆறு பேருதான் வருவாங்க, அரிசியப் போட்டுடுடி" என்றார் சாச்சி, என் அத்தாவின் தம்பி மனைவி.

"வந்து இறங்கட்டும் சாச்சி. தலையப் பாத்துட்டுப் போடுறேன்."

"ஆக்காத சோத்த வச்சிக்கிட்டு விருந்தாம்!"

நான் அசையவில்லை. தாளிப்பு தயார், அரிசி ஊறுகிறது, உலை கொதிக்கிறது. நான்கு பேர் சேர்ந்து சாப்பிடும் ஒரு சஹன் தட்டுக்கு எவ்வளவு அரிசி என்பது எனக்குக் கைப்பழக்கம்.

ஒரு கார் வரும் என்றிருந்தோம், இரண்டு வந்தன. அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வந்திருந்தார்கள். தங்கை வெளிறிப்போய் என் கையைப் பிடித்தாள்.

"லாத்தா, சோறு பத்துமா?"

"இன்னும் ஆக்கவே இல்லையேடி, ஏன் பத்தாது?"

கதவிடுக்கில் தலைகளை எண்ணி, அரிசியை அளந்து போட்டேன். அவர்கள் சர்பத் குடித்துப் பேசி முடிப்பதற்குள் ஆவி பறக்கச் சஹன்கள் போயின. மாப்பிள்ளையின் உம்மா இரண்டாம் முறை சோறு கேட்டபோது அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்படி ஒரு நிம்மதி.

அன்று அடுப்பில் இருந்தது பாதிச் சோறு இல்லை. தலைக்கணக்கு ஒன்றைத் தவிர எல்லாம் கொடுக்கப்பட்ட முழு ஏற்பாடு. கணக்கு வந்ததும் சோறு வந்தது. மறுநாள் வகுப்பில் அந்தப் புது ஃபங்ஷனுக்கு மிச்ச விவரத்தைக் கொடுத்தேன். விடை வந்தது.

சந்தோஷம் தாங்காமல் நாகூருக்குப் போன் செய்து தங்கையிடம் சொன்னேன். அவளுக்குக் கம்ப்யூட்டர் புரியவில்லை.

"அன்னிக்கு மட்டும் சாச்சி பேச்சக் கேட்டிருந்தீங்கன்னா, இந்தப் போன வேற யாரோ எடுத்திருப்பாங்க லாத்தா" என்றாள்.