பக்கத்து வீட்டு நிருபர் எழுதாதது

சில வருடங்களுக்கு முன், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்த வாரத்தில், சங்கரன்கோவிலில் எங்களுக்கு நடந்தது இது.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் இரண்டு பாடத்தில் ஃபெயில். என் வாய்தான் சும்மா இருக்காதே! அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி திட்டித் தீர்த்துவிட்டேன். மறுநாள் காலையில் பிள்ளையைக் காணோம். போனும் சுவிட்ச் ஆஃப். நானும் வீட்டுக்காரரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினோம்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. அவர் பத்திரிகை நிருபர். தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து செய்தி கேட்டுப் போவது அவர் வழக்கம். பூ மார்க்கெட் விலையிலிருந்து கொலை வழக்கு வரை எழுதுவார். சமையல் குறிப்பு, நாடகம், சிறுகதை எதையும் விட்டுவைப்பதில்லை. எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அவர் கதையில் வந்தவர்கள்தான். டீக்கடைக்காரர் தன்னைப் பற்றிய கதையை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்.

புகார் எழுதி முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. மகள் கரிவலம்வந்தநல்லூரில் சிநேகிதி வீட்டில் இருக்கிறாளாம். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே பயமும் வந்தது. 'கல்லூரி மாணவி மாயம்' என்று பேப்பரில் வந்துவிட்டால், அவள் மறுபடி கல்லூரி வாசலை மிதிப்பாளா?

"அண்ணாச்சி, பேப்பர்ல போட்டுராதிய" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"பிள்ள சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கு. இதெல்லாம் ஒரு செய்தியா தாயி? மொதல்ல போயி கூட்டிட்டு வாங்க. வையாதிய" என்றார்.

செய்தி வரவில்லை. ஆனால், கதையாக எழுதிவிட்டால்? அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவருடைய சிறுகதைப் புத்தகம் வெளிவந்ததும் முதல் ஆளாக வாங்கி, அடுப்பில் குழம்பைத் தீயவிட்டு உட்கார்ந்து படித்தேன். டீக்கடைக்காரர் இருந்தார், பூ விற்கிற அக்கா இருந்தார், அந்த ஸ்டேஷன் பெஞ்சுகூட இருந்தது. நாங்கள் இல்லை. அடுத்த புத்தகத்திலும் இல்லை.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். போன மாதம் பேச்சுவாக்கில் இதை அவளிடம் சொன்னேன்.

"நானுந்தாம்மா தேடுனேன்" என்றாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

இதைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "பேரு போடாம எழுதும்மா" என்றாள். அந்த அண்ணாச்சி எத்தனையோ எழுதியிருக்கிறார். ஆனால் அவர் பேச்சு வரும்போதெல்லாம், எங்களுக்காக அவர் எழுதாமல் விட்ட அந்த ஒன்றுதான் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.