டி. அலெக்சாண்டரின் பதக்கம்

திருமூர்த்தி எதையும் முடித்ததில்லை. வேலூரில் மிருதங்க வகுப்பைப் பாதியில் விட்டான். அமெரிக்கா வந்து சேர்ந்த மேல்படிப்பை ஒரே ஒரு பாடம் பாக்கியிருக்கும்போது கைவிட்டான். கல்யாணப் பேச்சும் பேச்சாகவே நின்றுபோயிற்று. இர்விங் நகரில், லாஸ் கொலினாஸ் பகுதி அலுவலகம் ஒன்றில் அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை பிடிப்பது அவன் உத்தியோகம். அதில் மட்டும் புலி. அதைச் சொல்லிக்கொள்வதில் அக்கா வான்மதிக்குப் பெருமைதான். ஆனால் ஆறு மாத விசாவில் வந்து தம்பியோடு தங்கியவளுக்குப் பெருமையைவிட எரிச்சலுக்குத்தான் வேலை அதிகம் இருந்தது.

காரணம் அந்த வெள்ளிப் பதக்கம். பழைய வீட்டுச் சாமான் விற்பனை ஒன்றில், அதன் பின்பக்கம் பீரங்கி சுமந்து போகும் யானையைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினானாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானில் சண்டை போட்ட ஸ்காட்லாந்துச் சிப்பாய்க்குக் கொடுத்தது. விளிம்பில் பட்டாள எண்ணும், டி. அலெக்சாண்டர் என்ற பெயரும், படைப்பிரிவும் வெட்டியிருந்தன. அந்த மனுஷன் எங்கே பிறந்தான், எப்போது பட்டாளத்தில் சேர்ந்தான், காபூலிலிருந்து காந்தகாருக்கு எந்த வெயிலில் நடந்தான் என்று இரண்டு வருடமாகத் திருமூர்த்தி தோண்டிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய வான்மதிதான் காகிதங்களை வருடவாரியாக அடுக்கிக் கொடுத்தாள்.

"டேய், பதக்கத்துல இருக்கற நம்பரும் இந்தப் பேப்பர்ல இருக்கற நம்பரும் ஒண்ணா இல்லையே?"

"கடைசி ரெண்டு டிஜிட் மாறியிருக்கு, அவ்ளோதான்க்கா. அந்தக் காலத்து கிளார்க் மிஸ்டேக் பண்ணியிருப்பான். பேர் மேட்ச் ஆகுதுல்ல?"

பெயர் பொருந்தத்தான் செய்தது. அதே படைப்பிரிவில் அலெக்சாண்டர் டன்பார் என்று ஒருவன் இருந்தான். டன்பாருக்கு டி. அவனுடைய கொள்ளுப்பேத்தி பக்கத்து ஊரான ஃபோர்ட் வொர்த்தில் இருப்பதையும் கண்டுபிடித்து, பதக்கத்தை அவருக்கே தருவதாக வாக்குக் கொடுத்து, சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டான் திருமூர்த்தி. இந்த ஒன்றையாவது முடிக்கிறானே என்று வான்மதி வடைக்கு உளுந்து ஊறவைத்தாள்.

எலினோர் டன்பார் எண்பதைத் தாண்டியவர். பதக்கம் கைக்கு வந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. விளிம்பைத் தடவிப் படித்தவர், இந்த 'டி' எதற்கு என்று கேட்டார்.

"அவங்க அப்பா வழிப் பேர்," என்று ஆங்கிலத்தில் சொன்னான் திருமூர்த்தி.

அந்தம்மா சிரித்தார். எங்களில் முன்னால் வருவது சொந்தப் பெயரின் எழுத்து, பின்னால் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்றார். பிறகு அவரே, எழுதியவன் மாற்றி எழுதியிருப்பான் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, பதக்கத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திருமூர்த்தி காகிதத்தை எடுத்துப் பட்டாள எண்ணை மறுபடி பார்த்தான். வான்மதிக்கு அரைகுறை ஆங்கிலம்தான். ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது.

"ஆமான்னு சொல்லித் தொலையேன்டா," என்று பல்லைக் கடித்தாள்.

அவன் சொல்லவில்லை. எழுத்தர்மேல் பிழையில்லை, பிழை என்னுடையது, இது வேறு ஆளுடைய பதக்கம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான். அந்தம்மா யானையை ஒருமுறை தடவிவிட்டு, பதக்கத்தைச் சாம்பார்க் கிண்ணத்தின் பக்கத்தில் மெல்ல வைத்தார். அப்படியென்றால் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பதக்கம் எங்கே, தேடித் தருவாயா என்று கேட்டார். இவனும் தலையாட்டினான்.

அந்தம்மாவின் கார் தெருமுனை திரும்பும்வரைதான் வான்மதி பொறுத்தாள்.

"ஆபீஸ்ல எவனாவது உன்னை மிஸ்டர் கோதண்டபாணின்னு கூப்ட்டா, அது எங்க அப்பா பேருன்னு குதிக்கறியே! இருபது வருஷமா இதே புலம்பல். அந்தச் சிப்பாய்க்கு நீ பண்ணது மட்டும் என்னவாம்?"

"தெரியும்க்கா. விடு."

"வாயை மூடிட்டு இருந்திருந்தா இன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும். ஆனா அது அவங்களோடது இல்லையே."

வான்மதிக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஒரு சிப்பாயை வழியனுப்புவான் என்று பார்த்தால், இரண்டு பேரைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கிறான். மிச்ச வடைகளை அவன் தட்டில் தள்ளினாள்.

"தின்னுட்டு ஆரம்பி. நான் ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள ஒருத்தனையாவது கண்டுபிடிச்சுத் தொலை."