கூட வந்த ஐம்பத்து நாலு ரூபாய்

ஆண்டாளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் புருஷனோடு இருந்தது மொத்தம் நாலே மாசம். ஆதிமூலம் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தான். மாசாமாசம் அந்த ஊர்க் காசில் அறுபது வெள்ளி அனுப்புவான். செஞ்சித் தபால்காரர் அதைத் தொண்ணூற்று மூன்று ரூபாயாக எண்ணிக் கொடுப்பார். கையெழுத்து ஆண்டாளுடையது, பணம் மட்டும் அப்படியே ஆதிமூலத்தின் அண்ணன் ராஜாங்கத்தின் கைக்குப் போய்விடும். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த பெரிய மனுஷர் அவர்.

அந்த வருஷம்தான் ஆண்டாள் பினாங்கு போகப் பர்மிட் கிடைத்தது. அக்டோபர் கடைசிக்குள் கப்பலேறியாக வேண்டும். விட்டால் மறுபடி கிடைக்குமோ கிடைக்காதோ, சாமிக்குத்தான் தெரியும். கப்பல் டிக்கெட் இருநூற்று நாற்பது ரூபாய். எருமைப் பால் விற்று மூன்று வருஷமாகச் சேர்த்து, அரிசிப் பானைக்குள் அந்தப் பணத்தைப் புதைத்து வைத்திருந்தாள். காலரா ஊசிகூடப் போட்டாகிவிட்டது.

ஜூன் மாசம் சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அறுபத்தாறாம் வருஷம் அது. ஒன்றரை ரூபாய் சொச்சம் இருந்த வெள்ளி, ஒரே ராத்திரியில் ரெண்டரை ரூபாயை எட்டிப் பிடித்தது. உங்களுக்கென்ன, உட்கார்ந்த இடத்தில் பணம் என்று கடைத்தெருவே ராஜாங்கத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. அவரும் மறுநாளே திண்டிவனம் ரோட்டில் ஒரு காணி நிலத்தை விலை கேட்கக் கிளம்பிவிட்டார். மனுஷருக்கு அவ்வளவு அவசரம்!

கப்பல் டிக்கெட்டும் கூடவே ஏறிவிடுமோ என்று ஆண்டாளுக்குப் பயம். பயந்தபடியே ஆயிற்று. சரக்கெடுக்கப் பட்டணம் போன ராஜாங்கம் விசாரித்துவிட்டு வந்தார். டிக்கெட் முன்னூற்று எழுபத்தெட்டு.

"பர்மிட் போனா போவுது. வெள்ளி இந்த வெலை விக்கிறப்ப, நீயும் அங்க போயி வெள்ளியிலயே சோறு திங்கணுமா? அவன் அனுப்பிக்கினே இருக்கட்டும், நெலத்த வாங்கிடலாம்."

தம்பிக்கும் இப்படியே எழுதிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அண்ணன் பேச்சை ஆதிமூலம் ஒருநாளும் தட்டியதில்லை. அன்றிலிருந்து ஆண்டாள் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே கை வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஒரு வரியும் வரவில்லை. போகாதே என்று எழுதுவானோ என்ற பயம் ஒருபக்கம். எழுதாமலே காலத்தை ஓட்டிவிடுவானோ என்ற பயம் இன்னொரு பக்கம். பால் கறக்கும்போதும் நூற்று முப்பத்தெட்டு, நூற்று முப்பத்தெட்டு என்று குறைகிற பணமே வாயில் வந்தது. இன்னும் எத்தனை வருஷம் பால் விற்பது?

ஜூலையில் மணியார்டர் வந்தது. அதே அறுபது வெள்ளிதான். தபால்காரர் நூற்று நாற்பத்தேழு ரூபாய் எண்ணி வைத்தார். கையெழுத்துப் போட்ட ஆண்டாள் எழுந்திருக்கவில்லை. விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டாள். கூட வந்தது ஐம்பத்து நாலு. மூன்று மாசம் சேர்ந்தால் நூற்று அறுபத்திரண்டு. செப்டம்பரோடு டிக்கெட்டுக்கு ஆகிவிடும்!

திண்ணையிலிருந்த ராஜாங்கம் வழக்கம்போல் கையை நீட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் எதிரே நின்று அவள் பேசியதே கிடையாது. எதுவானாலும் கதவுக்குப் பின்னாலிருந்துதான். இன்றைக்கு எதிரே வந்து நின்றாள். தொண்ணூற்று மூன்று ரூபாயை அவர் கையில் வைத்தாள்.

"மீதி?"

"எப்பவும் உங்க கையில குடுக்கிறது அவ்ளோதான், மாமா. கூட வந்தது கப்பலுக்கு. இன்னும் ரெண்டு மாசம் இப்படித்தான் எடுத்துப்பேன்."

தபால்காரர் பையைத் துழாவுவதுபோல் குனிந்துகொண்டார். ராஜாங்கம் பணத்தை இரண்டு தரம் எண்ணினார். ஒரு காசு குறையவில்லை.

"அவன் இன்னா சொல்லுவானோ, எழுதிக் கேக்க வேணாமா?"

ஐம்பத்து நாலு ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டே ஆண்டாள் சொன்னாள்:

"அங்க போயி நேர்லயே கேட்டுக்கிறேன், மாமா."