குனியாத சென்றாயன்

சென்றாயன் உட்காருவதற்கு முன்னால் ஒரு சுவரைத் தேடுவார். குதிகால், புட்டம், முதுகு, பின்மண்டை நான்கும் சுவரில் பட நிற்பார். இடுப்புக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கையை விட்டுப் பார்ப்பார். கை நுழைந்தால் வயிற்றை எக்கி இடுப்பை அழுத்துவார். இனி நுழையாது என்று தெரிந்த பிறகுதான் அப்படியே சறுக்கிக் கீழே வருவார். செம்மேட்டுச் சந்தையில் சுவர் கிடைக்காத நாளில் பலாமரம்.

எங்கள் மலையில், எடப்புளி நாட்டிலிருந்து சர்க்கஸுக்குப் போன ஒரே ஆள் அவர். ஒன்பது வருஷம் கம்பியில் தொங்கிப் பார் விளையாடி, பின்பக்கமாக வில்லாய் வளைந்து வளைந்து, இடுப்பு பிடித்துக்கொண்டது. சேலத்தில் ஒரு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மேலே நாலு வரி இங்கிலீஷ், கீழே சுவரோடு நிற்கும் மனிதனின் படம். படம் போதாதா? ஊர் வந்ததும் ராகிக் கூழைத் தடவி அதைச் சுவரில் ஒட்டினார். அதன் கீழே ஏழு வருஷம் நின்றார். வலி முக்கால்வாசி போயிற்று. கூடவே குனிவதும் போயிற்று. கீழே சிந்திய மிளகைப் பொறுக்கவும் மனைவி சின்னாயிதான் குனிய வேண்டும்.

1938இல் அடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு டிரில் வாத்தியார் வேண்டியிருந்தது. காட்டு வேலைக்கு ஆகாதவருக்கு அதை விட்டால் வேறு கதியில்லை. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் என்பதால் நானும் கூடப் போனேன்.

புறப்படும்போது சின்னாயி சொன்னாள்: "ஏனுங்க, கமிட்டித் தலைவரு முன்னால கொஞ்சம் குனிஞ்சு கும்புடுங்க."

"குனிஞ்சா இடுப்பு போயிரும் புள்ள. படத்துல இருக்கறவன் குனியறானா?"

"படத்துல இருக்கறவனுக்கு நானா சோறு பொங்கறேன்?"

பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் குழந்தைசாமி தம் வாத்தியார்களின் பிடரியை மட்டுமே பார்த்துப் பழகியவர்; முகம் தெரியாது. சென்றாயன் உள்ளே நுழைந்ததும் சுவரைத் தேடினார். பிரிட்டிஷ் சக்கரவர்த்தியின் படத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. சக்கரவர்த்தியைப் போலவே விறைப்பாக நின்றுகொண்டார்.

"என்னய்யா, கும்புடத் தெரியாதா?"

"தெரியுமுங்க. கை வருமுங்க, இடுப்புத்தான் வராதுங்க."

"காங்கிரஸா?"

"இல்லீங்க. சர்க்கஸுங்க."

குமாஸ்தா சிரித்துவிட்டார். அதோடு வேலை போயிற்று. "வளைஞ்சு குடுக்காதவன் பசங்களுக்கு என்னத்தச் சொல்லித் தருவான்?" என்றார் தலைவர்.

நாங்கள் மலையேறுவதற்குள் செய்தி ஏறிவிட்டது: தலைவர் முன்னால் தலைகுனியாத வீரர்! சந்தையில் மாலை காத்திருந்தது. அதற்கும் அவர் குனியவில்லை. மாலையோடு நின்ற குட்டையான காளியண்ணன் உரல்மேல் ஏறித்தான் போட்டார்.

"மாலையப் பொங்கித் திங்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் சின்னாயி தனியாகவே மண்வெட்டியோடு காட்டுக்குப் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து, அடைமழையில் அந்தச் சுவரின் மண் பெயர்ந்தது. புகையில் கறுத்த சீட்டு கீழே விழுந்தது. சின்னாயி குனிந்து எடுத்து, என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டு என்னிடம் கொடுத்தாள். கூழ் காய்ந்த பின்பக்கத்திலும் டாக்டர் எழுதியிருந்தார்: "சுவர் ஒரு மாதம் மட்டும். பிறகு தினமும் இருபது முறை முன்பக்கமாகக் குனிய வேண்டும்." கீழே இன்னொரு படம். கமிட்டித் தலைவர் எதிர்பார்த்த அதே வளைவில் ஒரு மனிதன்.