இருநூத்திப் பன்னிரண்டாம் நம்பர் அட்டை

2006-ஆம் வருஷம், பெருமாநல்லூரில் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது வேல்விழிக்கு வெட்டிப் பேசும் பக்கம் வந்தது. சென்னியப்பன் சார் வகுப்பில் நடத்திய விவாதம் அது. ‘பனியன் தொழில் தொழிலாளியின் வாழ்வை உயர்த்தியிருக்கிறது’ என்பது தலைப்பு. ஒட்டிப் பேசியவள் அக்‌ஷரா. அவளுடைய அப்பா லிங்கசாமியின் கம்பெனியில்தான் வேல்விழியின் அம்மா விஜயராணி செக்கிங் வேலை பார்த்தாள். வகுப்பில் அது யாருக்கும் தெரியாது.

“வெறும் பேச்சுக்கு மார்க் இல்லை. ஒவ்வொரு கருத்துக்கும் ஆதாரம் வேணும். எதிரணி கேட்டா அதைக் கையில குடுக்கோணும்” என்றார் சார்.

வேல்விழி இரண்டு வாரம் அலைந்தாள். நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினாள். லைன் வீட்டுப் பெண்கள் இருபத்து மூன்று பேரிடம் வேலை நேரம் கேட்டாள். அத்தனை பேரும் “எட்டு மணி நேரம்” என்றார்கள். வெளிநாட்டு ஆர்டர்காரர்கள் ஆடிட்டுக்கு வரும்போது சொல்வதற்காகக் கம்பெனி மனப்பாடம் செய்ய வைத்த பதில் அது.

“நான் என்ன ஆடிட்டுக்கா வந்திருக்கேன், அத்தை?” என்று அவள் சிரித்த பிறகுதான் நிஜம் வந்தது. பன்னிரண்டு, பதினாலு, ஷிப்மெண்ட் நாளில் பதினாறு.

அம்மாவிடம் வேலை நேரம் குறிக்கும் அட்டைகள் இரண்டு இருந்தன. வெள்ளை அட்டை ஆடிட்டில் காட்ட. பச்சை அட்டையில்தான் உண்மையான நேரம் இருக்கும்.

“போன மாசத்துப் பச்சை அட்டையக் கொண்டு போகட்டாம்மா?”

“பேரையும் கம்பெனியையும் மறைச்சிருவியாட்டி?”

“தாள் ஒட்டிருதேன்.”

“அப்பக் கொண்டு போ. ஜெயிச்சிட்டு வா.” சோற்றுப் பருக்கையை நசுக்கித் தாளை ஒட்டிக் கொடுத்ததே விஜயராணிதான்.

விவாதத்தில் அக்‌ஷரா நன்றாகவே பேசினாள். கம்பெனிச் சாப்பாட்டுக் கூடத்தின் போட்டோவைக் காட்டினாள். “எங்கப்பா கம்பெனியில எட்டு மணி நேரந்தானுங்க” என்று ஒரு வெள்ளை அட்டையை நீட்டினாள். அவள் அதை மனசார நம்பினாள்.

வேல்விழி பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டி ஒவ்வொரு நாளின் நேரத்தையும் வாசித்தாள். அக்‌ஷரா அட்டையைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பேரை மறைச்சா இது ஆதாரமாங்க சார்?”

“யாரோடதுன்னு சொல்லு கண்ணு” என்றார் சார்.

“சொல்ல முடியாதுங்க சார்.”

அட்டையின் மூலையில் இருந்த நம்பரைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு அக்‌ஷரா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். நாள்தோறும் சூப்பர்வைசர் கையெழுத்து இருந்ததால் ஆதாரம் செல்லும் என்றார் சார். வேல்விழி ஜெயித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை வேலைக்குப் போன விஜயராணி, அரை மணி நேரத்தில் டிபன் டப்பாவைத் திறக்காமலே திரும்பி வந்தாள்.

“கேட்டுல மேனேஜர் வேலுமணி நின்னாம். ‘ஏனுங்க இருநூத்திப் பன்னெண்டு, உங்க புள்ள அருமையாப் பேசுதாமா? இனி ஊட்லயே உக்காந்து கேளுங்க’ங்காம். ஆறு வருசமாச்சு, எம் பேரு அவனுக்குத் தெரியாதுட்டி. நம்பர்தாம் தெரியும்.”

நம்பரை மறைக்கத் தாய்க்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை.

பள்ளியில் வேல்விழி கேட்டாள். “நீதான் சொன்னியா?”

“நோட்டைப் பார்த்துட்டு அப்பாதான் கேட்டாரு. ஆதாரத்தை எழுதி வெக்கோணும்னு சார்தானே சொன்னாரு?” அக்‌ஷராவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. “அதான் நீ ஜெயிச்சுட்டியே, அப்பறம் என்ன?”

வேலுமணி போன் போட்டுச் சொல்லிவிட்டதால் பக்கத்துக் கம்பெனிகள் எதுவும் விஜயராணியைச் சேர்க்கவில்லை. அரைப் பரீட்சைக்குப் பிறகு வேல்விழி பள்ளிக்குப் போகவில்லை. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கும் ஆடிட் வந்தது. அதற்கு முதல் நாள் சூப்பர்வைசர் பொன்னுச்சாமி எல்லோரையும் பேசவைத்துப் பார்த்தார். வேல்விழி பேசியதும், “இந்தப் புள்ள முன்னால நிக்கட்டும். பள்ளிக்கூடத்துல பேசிப் பழகுனதாட்ட இருக்குது” என்றார்.

ஆடிட்டுக்கு வந்த பெண் கேட்டாள். “என்ன வயசும்மா?”

“பதினெட்டு மேடம்.” அவளுக்குப் பதினாறு.

“எத்தனை மணி நேரம் வேலை?”

“எட்டு மணி நேரம் மேடம்.” குரல் தடுமாறவில்லை. அந்தப் பெண் கேட்பதற்கு முன்பே வெள்ளை அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.