பின்னால் மடித்த கை

தீவுக்குப் போய்விட்டு வந்தவள் என்று ராஜபாளையத்தில் எங்கள் தெருவே என்னை ஒரு மாதிரி பார்க்கிறது. "சொர்க்கம் மாதிரி இருந்துச்சாமே?" என்கிறார்கள். என்ன சொர்க்கமோ, மண்ணாங்கட்டியோ!

என் மகன் மாலத்தீவில் ஒரு சொகுசு விடுதியில் சாப்பாடு பரிமாறும் வேலை பார்க்கிறான். இரண்டு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. வேலை பார்ப்பவர்களின் அப்பா அம்மாவுக்குச் சலுகை உண்டு என்று சொல்லி, என்னையும் மில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரரையும் அங்கே வரவழைத்தான். எனக்குத் தீவும் வேண்டாம், கடலும் வேண்டாம். பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கிக்கொண்டேன்.

அந்த விடுதியில் குளியலறைக்குக் கூரை கிடையாது. நம் ஊரில் கூரை போட வக்கில்லாதவன் அப்படிக் குளிப்பான். அங்கே அதுதான் பெருமையாம். கட்டில்மேல் துண்டை அன்னமாக மடித்துப் பூத் தூவியிருந்தார்கள். அதைக் கலைக்கப் பயந்து என் வீட்டுக்காரர் வேட்டியிலேயே தலையைத் துவட்டினார். இட்லி கேட்டால் ஒரே ஒரு இட்லி, அதன் தலையில் ஒரு பூ! எங்கு பார்த்தாலும் தென்னை, ஒன்றில்கூடக் காய் இல்லை. விருந்தாளி தலையில் விழுந்துவிடும் என்று முன்கூட்டியே வெட்டிவிடுவார்களாம். நான் வத்திராயிருப்புத் தோப்புக்குள் வளர்ந்தவள். எனக்கு வயிறு எரிந்தது.

அதெல்லாம் கிடக்கட்டும். என் பிள்ளை வந்தான். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, வலது கையால் எனக்குத் தண்ணீர் ஊற்றினான். பால்கோவாவை நீட்டினேன்.

"தேங்க் யூ, மேடம்," என்றான்.

ஊருக்கு ராசாவானாலும் தாய்க்குப் பிள்ளை என்பார்கள். இங்கே தாயே மேடம்!

"ஏலே, உக்காரு. செத்த நேரம் சாப்பிட்டுட்டுப் போ," என்றேன்.

அவன் குனிந்து என் காதோரம் சொன்னான்: "கெஸ்ட்கூட உக்காரக் கூடாதும்மா. சூப்பர்வைசர் பாக்காரு."

"அவிய சட்டம் அது, விடு," என்றார் வீட்டுக்காரர். சட்டமாம், பெரிய சட்டம்! இருந்த நாளெல்லாம் நாங்கள் தின்றோம், அவன் நின்றான். படகில் ஏறும்போது, "லீவு போட்டு வீட்டுக்கு வா. மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்," என்று மட்டும் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பார்க்காமலே வந்துவிட்டேன்.

போன மாதம் வந்தான். கோழிக் குழம்பு வைத்தேன். கூடத்தில் பாய் விரித்து, மூன்று தட்டும் வைத்து, அப்பாவையும் மகனையும் உட்காரச் சொன்னேன். நான் குழம்புச் சட்டியோடு அடுப்படியிலிருந்து வந்ததும் அவன் விருட்டென்று எழுந்தான். சட்டியை வாங்கி வைத்தான். செம்பை எடுத்து என் டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். இடது கை முதுகுக்குப் பின்னால் மடிந்திருந்தது.

"அந்தக் கைய முன்னால கொண்டாலே!" என்று கத்திவிட்டேன்.

"பழகிப்போச்சும்மா," என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பசியோடுதான் இருந்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் நான் முதல் வாய் எடுத்து வைக்கும்வரை அவன் தன் தட்டைத் தொடவே இல்லை.