பையர் வந்த அன்று நான் மூடிய வழி

போன வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதே கம்பெனியில்தான் அம்மா ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் இருக்கிறார். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் இருவரும் ஒன்றாகப் போவோம். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

கம்பெனியின் ஆர்டர் விவரம், சம்பளக் கணக்கு எல்லாம் கிளவுட் சர்வருக்கு மாறியபோது அதன் நெட்வொர்க்கை அமைக்கும் வேலை என்னிடம் வந்தது. யார் எந்த வழியாக உள்ளே வரலாம் என்பதை மவுஸால் கிளிக் செய்து வைக்காமல், கோடிங்காகவே எழுதினேன். அதை ஓட்டும்போது, நாம் எழுதியிருப்பதற்கும் கிளவுடில் நிஜமாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் காட்டும். நாம் சம்மதித்தால், எழுதாத எதையும் எடுத்துவிடும்.

ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ‘பையர் விசிட்’ தெரியும். ஆர்டர் தரும் வெளிநாட்டுக்காரர் வருகிறார் என்றால் அன்று மட்டும் நடைபாதை காலியாகும், எல்லார் முகத்திலும் மாஸ்க் ஏறும், பூட்டியே கிடக்கும் அவசர வழி திறக்கும். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் எல்லாம் பழையபடி.

அப்படி ஒரு நாள் காலையில், டிஸ்பேட்ச் பிரிவுக்கு ஒரு புது சர்வர் சேர்க்க என் கோடிங்கை ஓட்டினேன். நான் எழுதாத ஒரு வழி திறந்திருப்பதாகக் காட்டியது. ஆர்டர் சர்வருக்குள் உலகத்தில் எங்கிருந்தும் யார் வேண்டுமானாலும் நுழையலாம். பதிவைப் பார்த்தால், எங்கள் மேனேஜர்தான் முதல்நாள் கையால் திறந்திருக்கிறார், பையர் தன் லேப்டாப்பில் பார்ப்பதற்காக. அவருக்கு போன் போட்டேன். பொக்கேயோடு கேட்டில் நின்றிருந்தவர் எடுக்கவில்லை. அதே சர்வரில்தான் லைனில் தைக்கிறவர்கள் அத்தனை பேருடைய பேங்க் விவரமும் இருந்தது. வழியை மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். பையரின் லேப்டாப்பில் எதுவும் வரவில்லை. மேனேஜர் முகம் சிவந்திருந்தது.

“இன்னா பண்ண நீ? நேத்து நான் திறந்து வெச்சது எங்க?”

“எடுத்துட்டேன் சார். யார் வேணா வரலாம்னு இருந்துச்சு.”

“ஒரு நாளைக்குத்தானம்மா? சாயந்திரம் மூடிக்கலாம். போய்த் திற.”

“முடியாது சார்.”

அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “பஸ்ல வர்ற பொண்ணுக்கு வாய் ஜாஸ்தியாய்டுச்சு.” ஆபீஸ்காரர்கள் பைக்கிலும் காரிலும் வருவார்கள், பஸ் என்றால் லைன் ஆட்கள். இரண்டு பேர் கூடவே சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்கம்மா எந்த லைன்?” என்றார்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குத் தெரியும். அம்மா வேலைக்குத்தான் குறி. கோபம் வந்தது.

“நாலாவது லைன் சார். அவங்க பேங்க் நம்பரும் அந்த சர்வர்லதான் இருக்கு. கூப்பிடட்டுமா? ஒரு நாளைக்குத் திறந்து வெச்சா பரவால்லன்னு நீங்களே அவங்க கிட்ட சொல்லுங்க.”

நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேரே பையரிடம் திரும்பி, அவர் லேப்டாப் எங்கிருந்தாலும் நெட்டுக்குப் போகும் அவருடைய ஆபீஸ் இணைப்பின் முகவரியை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் யாருக்கோ போன் செய்து வாங்கித் தந்தார். அந்த ஒரு முகவரிக்கு மட்டும் வழி விடும் வரியை அங்கேயே உட்கார்ந்து எழுதி ஓட்டினேன். அவர் திரையில் ஆர்டர்கள் வந்தன. “தேங்க்ஸ்” என்றுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

சாயந்திரம் பஸ் ஏறுவதற்குள் செய்தி லைன் முழுக்கப் பரவியிருந்தது. “உனக்கு ஏண்டி இந்த பேஜாரு? ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டா?” என்றார் அம்மா.

“அனுப்பட்டுமே. ஆம்பூர்ல வேற கம்பெனியே இல்லையா?” என்று பஸ்ஸே கேட்கச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் என்னை நிரந்தரமாக்குவதைத் தள்ளிப்போட்டார்கள். அம்மாவைத் தையலிலிருந்து பசை தடவும் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த வாடை அம்மாவுக்கு ஆகாது; சாப்பாடு இறங்கவில்லை. ஆட்களை எடுப்பது, மாற்றுவது எல்லாம் பார்க்கும் பர்சனல் ஆபீஸில் நான் போய் நின்று, என்ன காரணம் என்று கேட்டேன். பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் போய் நின்றேன். அம்மா தன் மெஷினுக்குத் திரும்பினார்.

தாமதமாக வந்தாலும் நிரந்தர வேலையும் வந்தது. அன்று நடந்ததை நான் எழுதிக் கொடுக்க, நிர்வாகம் ஒரு விதி போட்டது: இப்போது நெட்வொர்க்கில் கையால் எதையும் மாற்றும் உரிமை எங்கள் கம்பெனியில் யாருக்கும் இல்லை, எனக்கும் சேர்த்து. மாற்ற வேண்டுமென்றால் காரணம் சொல்லிக் கோடிங்கில்தான் மாற்ற வேண்டும். மேனேஜர் காரணமே சொல்லாமல் அனுப்பிய முதல் கோரிக்கையைத் திருப்பி அனுப்பினேன்; மறுபடி காரணத்தோடு வந்தது, செய்துகொடுத்தேன்.

வேலையே போனாலும் போகட்டும் என்று அன்று ‘முடியாது’ சொன்ன பிறகுதான், நான் சொல்கிற ‘சரி’க்கு அந்த ஆபீஸில் ஒரு மதிப்பு வந்தது.